பிரிப்பதா, விடுவதா

அந்த எம்.ஜி.ஏ. கோயம்புத்தூரில் என் பட்டறைக்கு வந்தபோது கூடவே ஓர் எஸ்டிமேட் தாளும் வந்தது. மலைமேல் வேறொரு பட்டறையில் எழுதிக் கொடுத்தது. எஞ்சின் இறக்குவது, பிளாக் போர் போடுவது, கிராங்க் கிரைண்டிங், பிஸ்டன், ரிங், வால்வு, கைடு, டைமிங் செயின், கிளட்ச் தட்டு என்று பக்கம் முழுக்க வரிகள். காரணமாக எழுதியிருந்தது இரண்டே விஷயம். பின்பக்கம் ஆயில் லீக். கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் 115, 120 பவுண்டுதான்.

வண்டிக்காரருக்குக் குன்னூர். அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த நாளில், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய வண்டி. 1957 மாடல், இரண்டு இருக்கை, துணிக் கூரை. தாளை நீட்டிவிட்டு, "பிரிச்சே ஆகணுமுங்களா?" என்று கேட்டார். பணத்துக்குப் பயந்து கேட்டதாகத் தெரியவில்லை. அப்பா கை வைத்த எஞ்சினை இன்னொருவர் கை வைத்துத் திறக்கிறாரே என்ற தயக்கம் அந்தக் குரலில் இருந்தது. அந்தத் தயக்கம் சரியானதுதான் என்று எனக்கும் பட்டது.

எம்.ஜி.ஏ. 1955-இல் வெளிவந்து 1962-இல் நின்றுபோன வண்டி. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற சிறுநகரத்தில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் செய்தார்கள். பெரும்பகுதி கப்பலேறி வெளிநாடு போனது. 1500 மாடலில் இருப்பது 1489 சிசி 'பி சீரிஸ்' எஞ்சின். இந்த இடத்தில்தான் எங்களைப் போன்ற பழைய மெக்கானிக்குகளுக்கு அந்த வண்டி சொந்தமாகிவிடுகிறது. நம்மூர் அம்பாசடரில் பல்லாண்டு ஓடியதும் இதே குடும்பத்து 1489 சிசி எஞ்சின்தான். டாக்சி ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் நான் தொழில் கற்றதே அந்த எஞ்சினில். எம்.ஜி.ஏ.வில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன், 72 குதிரைத்திறன் வரை இழுக்கும். அம்பாசடர் அவ்வளவு இழுக்காது. ஆனால் எண்ணெய் எங்கே ஓடுகிறது, எங்கே ஒழுகும் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றே.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி கசிவைப் பற்றி ஒன்று சொல்வார்: "எண்ணெ வெளிய வர்றதுக்கு ஒரு வழி வேணும், தள்ளிவிட ஒரு ஆளு வேணும். வழிய அப்புறம் அடை. ஆளை மொதல்ல புடி." பேக்கிங்கை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போய்க் கடைசியில் எஞ்சினை இறக்குபவர்கள் எல்லாரும் வழியை மட்டும் பார்ப்பவர்கள். தள்ளுகிற ஆள் பெரும்பாலும் கிராங்க் கேஸுக்குள் சேரும் காற்றழுத்தம். ரிங் வழியாகக் கொஞ்சம் எரிந்த வாயு கீழே இறங்குவது எந்த எஞ்சினிலும் உண்டு; நாங்கள் பேக் கம்ப்ரஷன் என்போம். அது வெளியேற வழி இருக்க வேண்டும். இந்த எஞ்சினில் வழி இரண்டு. ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ஹோஸ். டேப்பெட் அறையை மூடும் முன்பக்கத் தகட்டிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஓர் இரும்புக் குழாய். வண்டி ஓடும்போது அடியில் வீசும் காற்று அந்தக் குழாயிலிருந்து புகையை உறிஞ்சிக்கொண்டு போகும்.

இந்த எஞ்சினின் பின்புறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு வழக்கும் அங்கேதான். இன்றைய எஞ்சின்களில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் இருக்கும். மூன்று மெயின் பேரிங் கொண்ட பழைய பி சீரிஸில் அது கிடையாது. கிராங்க்கின் மீதே மரை போல ஒரு சுருள்பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதைச் சுற்றி மேலும் கீழும் அரைவட்டமாக ஒரு கூடு, தொடாமல், மிக நெருங்கி நிற்கும். கிராங்க் சுற்றும்போது அந்த மரை வெளியே வரப் பார்க்கும் எண்ணெயைத் திரும்ப உள்ளே ஓட்டிவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டால் ஓட்ட ஆளில்லை. இடுக்கில் நின்ற எண்ணெய் சொட்டத்தான் செய்யும். அதனால்தான் வடிவமைத்தவர்களே பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளை போட்டு, அது அடைபடாமலிருக்க ஒரு ஸ்ப்ளிட் பின்னைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தப் பின் ஆடிக்கொண்டே துளையைத் திறந்து வைத்திருக்கும். அங்கே சொட்டுகிறது என்பது நோய் அல்ல. எவ்வளவு சொட்டுகிறது, முன்பைவிடக் கூடியதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதல் வேலையாக அடிப்பாகம் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிக் காயவைத்தோம். பையன் கடையிலிருந்து முகப்பவுடர் டப்பா வாங்கிவந்தான். எஞ்சின் அடி, பக்கவாட்டு, பின்தகடு எல்லாம் பவுடர் தூவி, எஞ்சினைச் சூடாக்கி, விளக்குப் பிடித்துக்கொண்டு படுத்துப் பார்த்தோம். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் முதலில் நனைக்கும் இடம் மறைக்க முடியாத சாட்சி. பிளாக்கின் பின்பக்கத்திலிருந்து ஆயில் ஃபில்டருக்குப் போகும் வெளிக்குழாயின் செம்பு வாஷர் ஒன்று வியர்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கும் எண்ணெய் பின்தகட்டைத் தொட்டு, பெல் ஹவுசிங்கின் அடிவழியாகச் சொட்டும். பார்ப்பவர் கிராங்க் சீல் என்றே நினைப்பார். டேப்பெட் கவரின் கார்க் பேக்கிங்கும் காய்ந்து கல்லாகியிருந்தது. இதற்குமேல் உண்மையாகவே பின்னாலிருந்தும் வந்தது. அது கியர்பாக்ஸ் எண்ணெயாக இருக்குமோ என்று மோந்து பார்த்துப் பயனில்லை. இந்த வண்டியின் கியர்பாக்ஸுக்கும் எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொல்லியிருக்கிறது. நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். விரலில் ஒட்டியது கறுப்பு. ஆகவே எஞ்சின் எண்ணெய்.

அடுத்து தள்ளுகிற ஆள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்று பட்டறையில் எப்போதும் வைத்திருப்பேன். டிப்ஸ்டிக் துளையில் அதன் ஒரு முனையை இறுக்கிப் பொருத்தி, நடுவில் 'ப' வடிவத்தில் வளைத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். கிராங்க் கேஸ் அழுத்தம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டதும் தண்ணீர் ஒரு பக்கம் குபுக்கென்று ஏறி வெளியே கொட்டியது. அந்த இரும்பு மூச்சுக்குழாயைக் கழற்றிப் பார்த்தோம். அடுப்புக்கரி போல இறுகிய கசடு உள்ளே அடைத்திருந்தது, வெளிச்சம் ஊடுருவவில்லை. ராக்கர் கவர் ஹோஸுக்குப் பதிலாக யாரோ ஒரு கட்டைக் குழாயை மாட்டிக் கிளிப் போட்டு மடக்கியிருந்தார்கள். வாயையும் மூக்கையும் பொத்திவிட்டு மூச்சு விடு என்றால் எங்கே விடும்? இருக்கிற ஒவ்வொரு இடுக்கிலும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வந்தது.

கம்ப்ரஷன் விஷயத்துக்கு வருகிறேன். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்று கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. சிலிண்டர் உறிஞ்சுகிற காற்றே குறைவென்றால் கேஜ் காட்டும் அழுத்தமும் அந்த அளவுக்குக் குறையும். மேலே 118 காட்டும் எஞ்சின் கோயம்புத்தூரில் 140 காட்டினால் அதிசயமில்லை. எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து அளந்தேன். 142, 138, 140, 138. நாலும் ஒன்றுக்கொன்று நெருக்கம். என்னைக் கேட்டால் எண்ணைவிட இந்த நெருக்கம்தான் முக்கியம். ஒன்று மட்டும் தனியாக விழுந்திருந்தால்தான் கவலை.

பிறகு ஒவ்வொரு சிலிண்டராகப் பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டுக் காது கொடுத்தோம். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் பேக்கிங். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். அந்த வாயில் லேசான மூச்சுதான், அவ்வளவு வயதான ரிங்குக்கு இருக்க வேண்டிய மூச்சு. எண்ணெய் அழுத்தம் சூட்டில் ஓட்டத்தில் 50 பவுண்டுக்கு மேல், ஐடிலிங்கில் 20. கையேடு ஐடிலிங்குக்கு 10 முதல் 25 வரை இருக்கலாம் என்கிறது.

எஸ்டிமேட் தாளை மடித்து வண்டிக்காரரிடம் கொடுத்தேன். "இந்த எஞ்சின் தன்னைப் பிரிக்கச் சொல்லி இன்னும் கேக்கலீங்க" என்றேன். மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்தோம், ஹோஸ் மாற்றினோம், செம்பு வாஷர், கார்க் பேக்கிங். தண்ணீர்க் குழாயை மறுபடி மாட்டியபோது மட்டம் கொஞ்சம்தான் நகர்ந்தது. வீட்டில் வண்டி எப்படி நிற்கிறது என்று விசாரித்தேன். ஏற்றமான வாசல், முன்பக்கம் மேலே பார்த்து. "திருப்பி, ரிவர்ஸ்ல ஏத்தி நிறுத்துங்க" என்றேன். மூக்கு மேலே நிற்கும் பி சீரிஸில் சம்ப்பிலும் கூட்டிலும் நிற்கும் எண்ணெய் பின்முனைக்கே வந்து சேரும். சில வாரம் கழித்துப் பேசியபோது வண்டிக்கு அடியில் வைத்த தட்டில் விழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது என்றார்.

நான் பிரிக்கத் தயங்குவதற்குச் சோம்பல் காரணமில்லை. இந்த பிளாக்குக்கு அளவெடுத்த உயிர்தான் உண்டு. போர் போட ஓவர்சைஸ் பிஸ்டன் ஆயிரத்தில் 10, 20, 30, 40 அங்குலம் என்று நாலு படிதான். கிராங்க்கை அரைப்பதற்கும் அப்படியே நாலு படி. ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் ஒரு படியாவது தின்றுவிடுகிறோம். நாற்பதைத் தாண்டினால் லைனர் போட்டுத் திரும்ப முதலிலிருந்து வரலாம். ஆனால் அது வேறு வேலை, வேறு செலவு, பிளாக்கின் சுவர் எந்தப் பக்கம் மெலிந்திருக்கிறது என்று தெரியாமல் செய்கிற வேலை. பிளாக் இனிப் புதிதாக வரப்போவதில்லை. ஆபிங்டன் தொழிற்சாலையே 1980-இல் மூடிவிட்டது. எண்ணெய் ஒழுகுகிறது என்பதற்காக உலோகத்தைத் தேய்ப்பது, அதுவும் மூச்சுக்குழாய் அடைத்ததற்காகத் தேய்ப்பது, எனக்குப் பொறுக்காத காரியம்.

அதே வண்டி பல வருடம் கழித்துத் திரும்ப வந்தது. இந்த முறை கசிவைப் பற்றி அவர் பேசவே இல்லை. "கல்லாருக்கு இறங்கி நின்னா ஆயில் முள்ளு படுத்துக்குதுங்க" என்றார். மேட்டுப்பாளையம் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். சூடேறிய பிறகு ஐடிலிங்கில் முள் 5-க்கும் கீழே. மூன்றாம் கியரில் மெதுவாக இழுக்கும்போது தரையிலிருந்து எழும் ஒரு கனத்த குமுறல், காதைவிடக் காலுக்கு முதலில் கேட்பது. மெயின் பேரிங் பேசும் சத்தம் அது. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பை விரித்தேன். வெயிலில் பிடித்தால் செம்பு நிறத்தில் மினுக்கம். கம்ப்ரஷன் மூன்றாம் சிலிண்டரில் மட்டும் 95. கொஞ்சம் எண்ணெய் ஊற்றி அளந்தால் 130-க்கு ஏறியது. அது ரிங். பின்னால் கசிவும் கூடியிருந்தது. இந்தத் தடவை மூச்சுக்குழாய் சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது காரணம் நேரானது. பின் மெயின் பேரிங் தேய்ந்தால் கிராங்க் தன் இடத்தில் நிற்காமல் அலைகிறது. அலைந்தால் அந்த மரை தன்னைச் சுற்றிய கூட்டில் உரசும். உரசினால் இடைவெளி நிரந்தரமாக அகலும். அதற்குப் பிறகு பேரிங்கை மட்டும் மாற்றினாலும் மரையால் எண்ணெயைப் பிடிக்க முடியாது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கூட்டையும் தின்றுகொண்டிருக்கிறது. "பிரிச்சரலாமுங்க" என்றேன்.

அவருக்கு வருத்தம். "அன்னிக்கு வேண்டாம்னீங்களே?"

"அன்னிக்கு அளவு வேண்டாம்னு சொல்லுச்சு. இன்னிக்கு அளவே கேக்குதுங்க."

இடையில் ஒரு புரோக்கர் நல்ல அம்பாசடர் எஞ்சின் ஒன்று கைவசம் இருப்பதாகச் சொல்லிவந்தார். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்ற பிறகு உடைத்த வண்டிகளிலிருந்து பல எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன. இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் அப்படி மாற்றிய எம்.ஜி.க்களைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அவற்றை ஓட வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்று அது தேவையில்லை. பிளாக்கில் அடித்த எண்ணோடு வண்டி பிறந்திருக்கிறது. இங்கிலாந்திலிருந்து பிஸ்டனும் ஷெல் பேரிங்கும் இன்னும் வரும். கஸ்டம்ஸ், காத்திருப்பு எல்லாம் உண்டு, ஆனால் வரும். வண்டிக்காரரும் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்.

எஞ்சினை மட்டும் தனியே தூக்கி எடுத்தோம், கியர்பாக்ஸ் இடத்திலேயே நின்றது. திறந்ததும் முதலில் பார்ப்பது முந்தையவர்கள் விட்டுப்போன குறிகளை. பிஸ்டன் தலையில் 020 என்று அடித்திருந்தது. ஷெல்லின் முதுகில் 010. ஆக ஏற்கெனவே ஒருமுறை பிரித்திருக்கிறார்கள், அவருடைய அப்பா காலத்தில். பின் ஷெல்லில் வெள்ளை போய்ச் செம்பு தெரிந்தது. கிராங்க்கைச் சுற்றிய அரைவட்டக் கூட்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உரசிய தடம். ஆவாரம்பாளையத்தில் எனக்கு வழக்கமான கிரைண்டிங் கடையில் அளந்தபோது, போர் 30-இல் சுத்தமாகிவிடும், கிராங்க் 20-க்குப் போகும் என்றார்கள். இன்னும் ஒரு படி போரில் மிச்சம், இரண்டு படி கிராங்க்கில் மிச்சம். அந்தக் கணக்கை வண்டிக்காரரிடம் எழுதிக் கொடுத்தேன். முதல் எஸ்டிமேட்டைக் கேட்டுச் செய்திருந்தால் அதில் ஒரு படி அன்றைக்கே போயிருக்கும்.

ரப்பர் லிப் சீல் மாட்டும் கிட் வெளிநாட்டில் விற்கிறார்கள். மாட்டலாமா என்று அவர் கேட்டார். நான் பார்த்த ஒரு முறையில் கிராங்க்கின் மரையையே தேய்த்து மழமழப்பாக்க வேண்டியிருந்தது. தேய்த்தால் திரும்ப வராது. அந்த ரப்பர் ஒருநாள் காய்ந்தால் பின்னால் தாங்க ஒன்றும் இருக்காது. எனக்கு மனமில்லை. தேய்ந்த கூட்டைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, வெண்கல வளையத்தை இரண்டாக அறுத்து மேலும் கீழும் பதித்து, மெயின் பேரிங்கின் நேர்கோட்டிலேயே வைத்து உள்விட்டத்தைக் கடைந்தோம். கிராங்க்கை இறக்கிச் சுற்றிப் பார்த்தால் எங்கும் தொடவில்லை, ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு சுற்றிலும் ஒரே சீராகப் போனது. கிரைண்டிங் கடைக்காரர் இரண்டு நாள் இதற்காகவே ஒதுக்கினார். பம்பு செட்டிலும் மில் இயந்திரத்திலும் வளர்ந்த இந்த ஊர்க் கடைசல்காரர்கள் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட முடிவை எடுக்கும் தைரியமே எனக்கு வந்திருக்காது.

பிரிப்பது என்று முடிவெடுத்துவிட்டால் அரைகுறையாக நிறுத்தக் கூடாது. ரிங்கை மட்டும் மாற்றி, தேய்ந்த கிராங்க்கை அப்படியே விட்டு மூடிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. மேலே கம்ப்ரஷன் கூடும், கீழே பேரிங் பழையது. கூடிய இடி முழுவதும் அதன் மேல் விழும், சீக்கிரமே மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். கேம், டேப்பெட் முகம், டைமிங் செயின், ஆயில் பம்ப், கிளட்ச்சின் கார்பன் பேரிங், ஃப்ளைவீல் நடுவிலுள்ள புஷ் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட்டோம். புஷ் இருபது நிமிட வேலை; எஞ்சினை இறக்காமல் அதைத் தொட முடியாது.

கட்டி முடித்ததும் சொல்லிவிட்ட பத்தியம் எளிதுதான். நிறுத்திவைத்து நெடுநேரம் ஐடிலிங்கில் விடக் கூடாது. ரிங் படிய வேண்டுமானால் எஞ்சின் இழுக்க வேண்டும், குன்னூர் மலைப்பாதை அதற்கு வாய்த்த இடம். முதல் 500 மைலுக்குப் பிறகு ஹெட்டை 50 அடி பவுண்டுக்கு மறுபடி இறுக்கி, டேப்பெட் சூட்டில் ஆயிரத்தில் 17 அங்குலம் வைக்க வேண்டும். எண்ணெய் சாதாரண மினரல் 20டபிள்யூ-50. இன்றைய மெல்லிய சிந்தெடிக் வேண்டாம். இந்த எஞ்சினின் கேமும் தட்டை டேப்பெட்டும் நேருக்கு நேர் உரசுகிறவை, துத்தநாகச் சேர்மானம் குறைந்த எண்ணெயில் சீக்கிரம் தேயும்.

எல்லா அளவையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். தேதி, ஊர், கம்ப்ரஷன், சூட்டில் ஆயில் அழுத்தம். ஊரை எழுதாமல் கம்ப்ரஷன் எழுதாதீர்கள் என்று அழுத்திச் சொன்னேன். இப்போது வண்டியை அவருடைய மகள் ஓட்டுகிறார். மழை முடிந்து அவர் அனுப்பிய படத்தில் குன்னூரில் எடுத்த அளவு: 122, 120, 122, 121. ஐடிலிங்கில் 22 பவுண்டு. கீழே ஒரு வரி: "அங்கிள், பின்னாடி மறுபடியும் சொட்டுதுங்க, என்ன பண்ணட்டும்?" வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.